பால் வந்துவிட்டது, கேம் வரவில்லை

2018 ஜூனில் எங்கள் தோட்டத்தில் ரப்பர் கன்று நட்டோம். அதே சமயத்தில்தான் எல்டர் ஸ்க்ரோல்ஸ் என்ற ஃபேண்டஸி வீடியோ கேமின் ஆறாம் பாகம் வருகிறது என்று லாஸ் ஏஞ்சல்ஸில் மேடை போட்டு அறிவித்தார்கள். குழிக்குள் தேங்கிய மழைத் தண்ணீரை அப்பா சிரட்டையால் கோரி ஊற்றிக்கொண்டிருக்க, நான் சேற்றுக் காலோடு நின்று போனில் அந்த டிரெய்லரைப் பார்த்தேன். அரை நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதல். மேகம், மலை, இசை, பெயர். முடிந்தது. அதையே நாலு தடவை பார்த்தேன். "லேய், மண்வெட்டிய எடு" என்று அப்பாவும் நாலு தடவை கூப்பிட்டிருக்கிறார்.

ரப்பர் வெட்டுக்கு வர ஏழு வருடம் பிடிக்கும். நாலடி உயரத்தில் மரத்தின் சுற்றளவு ஐம்பது சென்டிமீட்டர் வந்திருக்கிறதா என்று அளந்து பார்த்த பிறகுதான் பட்டையில் கத்தி வைப்போம். 2025இல் வைத்தோம். பால் வந்துவிட்டது. கேம் வரவில்லை.

புகார் சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஒரு கேம் உருவாக வருடக்கணக்கில் ஆகும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் கன்று நட்ட அன்றைக்கே யாராவது ரப்பர் ஷீட் வாங்கும் வியாபாரியை வீட்டுக்கு வரச் சொல்வார்களா? கேம் உலகம் அதைத்தான் செய்கிறது. நாமும் வாசலில் பாய் விரித்து உட்கார்ந்துவிடுகிறோம். லீக் என்கிறார்கள், யாரோ ஒருவருடைய வேலை விண்ணப்பத்தில் ஒரு வரி இருந்தது என்கிறார்கள், டிரெய்லரில் தெரிந்த கரையோரம் எந்த நாட்டுடையது என்று மேப் வைத்துக் கோடு போடுகிறார்கள். நானும் போட்டவன்தான். மார்த்தாண்டத்தில் நான் வேலை பார்க்கும் ஹார்டுவேர் கடையில், மதியம் ஆள் வராத நேரத்தில், பி.வி.சி. பைப் பில்லின் பின்பக்கத்தில் அந்த மலையை வரைந்து வைத்திருந்தேன். முதலாளி பார்த்துவிட்டு, "இது என்ன, பைப் போற வழியா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

சில கன்றுகள் வெட்டுக்கு வராமலே போய்விடுவதும் உண்டு. எவர்வைல்டு என்றொரு ஃபேண்டஸி கேம். 2019 நவம்பரில் அறிவித்தார்கள். காடு, மாயப் பிராணிகள், கண்ணுக்கு அவ்வளவு குளிர்ச்சியான படம். 2025 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் ஒன்பதாயிரம் பேர் வரை வேலையை விட்டு அனுப்புவதாகச் சொன்ன அதே வாரத்தில் அந்த கேமும் கைவிடப்பட்டது. ஐந்தரை வருடம் அதற்காகக் காத்திருந்தவன் இப்போது யாரிடம் போய்க் கேட்பான்?

என் நிலைப்பாடு இதுதான். பெரிய கம்பெனி கேம் என்றால் நான் இரண்டு வருடம் கழித்துத்தான் ஆடுவேன். வேண்டுமென்றே. கையில் காசில்லாமல் தொடங்கிய பழக்கம்தான், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் இப்போது காசு இருந்தாலும் அப்படித்தான்.

சைபர்பங்க் 2077 ஞாபகமிருக்கும். விட்சர் மூன்றாம் பாகத்தைச் செய்த அதே போலந்துக்காரர்கள். 2020 டிசம்பர் 10 அன்று வந்தது. பழைய பிளேஸ்டேஷனில் வாங்கியவர்கள் தலையில் கை வைத்தார்கள். ஒரே வாரத்தில் பிளேஸ்டேஷன் கம்பெனியான சோனி அதைத் தன் ஆன்லைன் கடையிலிருந்தே எடுத்துவிட்டது, திரும்ப வைத்தது 2021 ஜூனில். 2023 செப்டம்பரில் கேமைத் திருத்தும் பெரிய பேட்ச் வந்த பிறகுதான் "ஆகா, இது அல்லவோ கேம்" என்று எல்லோரும் பேசினார்கள். முதல் நாள் முழு விலை கொடுத்தவனுக்கு ஓட்டை, மூன்று வருடம் கழித்துப் பாதி விலைக்கு வாங்கியவனுக்கு நல்ல சரக்கு. எந்தச் சந்தையிலாவது இப்படி ஒரு நியாயம் உண்டா? கருங்கல் சந்தையில் இப்படி விற்றால் மரச்சீனிக் கிழங்கைத் தூக்கி மூஞ்சியிலேயே எறிவார்கள்.

தாமதமாக ஆடுவதற்கு எங்கள் ஊரே ஒரு காரணம். கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் வந்து பாருங்கள். இரண்டு பருவமழையும் எங்களுக்கு உண்டு, இரண்டுக்கும் நடுவில் இடி வேறு. பால்டர்ஸ் கேட் மூன்றாம் பாகத்துக்கு 150 ஜிபி இடம் வேண்டும் என்று போட்டிருக்கிறது. அதை டவுன்லோடு செய்ய எனக்கு ஐந்து இரவு ஆனது. நெட் மெதுவாக வந்ததுகூடப் பெரிய காரணமில்லை. மேற்கே எங்கோ லேசாக உறுமினாலே அம்மை வந்து மோடத்தின் ஒயரைப் பிடுங்கிவிடுவாள். ஒருமுறை இடி விழுந்து டிவியும் மோடமும் சேர்ந்து போனதிலிருந்து அது வீட்டுச் சட்டம். தொண்ணூற்றொரு சதவீதத்தில் நிற்கும்போது பிடுங்கினாள். "அம்மோ, ஒரு பத்து நிமிசம்" என்றேன். "பத்து நிமிசத்துல வீடு எரிஞ்சா உன் ராசா வந்து அணைப்பானா மக்கா?" ராஜா என்று அவள் சொன்னது கேமில் வரும் ராஜாவை. எல்லாக் கேமிலும் ஒரு ராஜா இருப்பான் என்பது அவள் கண்டுபிடிப்பு. தப்பில்லை, பாதிக்கு மேல் சரிதான்.

ஆனால் மழையைத் திட்டவும் முடியாது. வெட்டும் இடத்தில் மழை படாமலிருக்கப் பிளாஸ்டிக் ஒட்டாத மரத்தில் மழைநாளில் வெட்டு கிடையாது. அதிகாலை நாலரைக்குத் தலையில் லைட் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்க வேண்டியதில்லை. அதாவது முந்தின இரவு ஒரு மணிவரை விழித்திருக்கலாம். நான் விட்சரை முடித்தது ஒரு ஐப்பசியில். மற்ற நாட்களில் பத்து மணிக்கு மேல் கண் தாங்காது.

ஒக்கி புயலைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. 2017 நவம்பர் 30. அப்போது நான் எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஐந்தாம் பாகமான ஸ்கைரிம் ஆடிக்கொண்டிருந்தேன், வெளியாகி ஆறு வருடமான கேம். முந்தின நாள் இரவு ஒயிட்ரன் ஊர் வாசலில் நின்று சேவ் போட்டுவிட்டுப் படுத்தேன். மறுநாள் ஒரே பகலில் தோட்டத்தில் பாதி மரம் சாய்ந்துவிட்டது. எங்கள் பக்கம் கரண்டு வர இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. கடற்கரை ஊர்களில் கடலுக்குப் போன ஆட்கள் திரும்பாத வீடுகள் இருந்தன. அந்த நாட்களில் கேம் ஞாபகமே வரவில்லை என்றுதான் சொல்ல ஆசை. வந்தது. மரம் அறுத்து, விறகு அடுக்கி, கை தோல் உரிந்து, இரவில் மண்ணெண்ணெய் விளக்கில் கஞ்சி குடிக்கும்போது அந்த ஊர் வாசல் ஞாபகம் வந்தது. கரண்டு வந்த இரவு திறந்தால் கேமில் என் ஆள் அதே இடத்தில் அப்படியே நின்றுகொண்டிருந்தான். அங்கே ஒரு மரமும் விழவில்லை. கொஞ்ச நேரம் நடந்து சுற்றினேன், வாளை எடுக்கவில்லை. சாய்ந்த மரங்களின் இடத்தில்தான் அடுத்த ஜூனில் நான் முதலில் சொன்ன கன்றுகளை நட்டோம்.

தாமதமாக ஆடினால் கதை முன்கூட்டியே தெரிந்துவிடுமே, ஸ்பாய்லர் ஆகிவிடுமே என்று நாகர்கோவில் நண்பன் ஒருவன் எப்போதும் சண்டைக்கு வருவான். "கதை முழுக்கத் தெரிஞ்சப்புறம் ஆடுறதுல என்னலே சுகம்?" என்பான். அவனுக்கு நான் சொல்லும் பதில் வில்லுப்பாட்டு.

அம்மையின் ஊர் தோவாளைப் பக்கம். சின்ன வயதில் கோயில் கொடை விழாவுக்குக் கூட்டிப்போவாள். ராத்திரி முழுக்க வில்லுப்பாட்டு. புலவர் வீசுகோலை வில்லில் தட்டிப் பாடுவார், பக்கத்தில் குடம், உடுக்கை. சிவனும் பார்வதியும் இருக்கும் இடத்தில் விளக்கின் சுடர் தெறித்துச் சுடலைமாடன் பிறப்பான், பிறந்த பிள்ளை பசி தாங்காமல் சுடுகாட்டுக்குப் போய்விடுவான். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிமாருக்கு இந்தக் கதை வரிக்கு வரி தெரியும். புலவர் ஒரு இடத்தை விட்டுவிட்டால், "அதைப் பாடலியே" என்று கேட்டு வாங்குவார்கள். தெரிந்த கதைதான். ஆனாலும் மாடன் வரும் இடத்தில் உடுக்கையின் வேகம் ஏற ஏற, சாமியாடும் கோமரத்தாடிக்கு அருள் வந்து எழும்பும்போது கூட்டமே சிலிர்க்கும். அடுத்து என்ன என்று தெரியாததாலா சிலிர்த்தது? இல்லையே. அடுத்து என்ன வரும் என்று தெரிந்ததால்தான். அந்தக் கூட்டத்தில் நின்று வளர்ந்தவனிடம் வந்து ஸ்பாய்லர் என்று பயங்காட்டினால் எப்படி?

மர்மக் கதை கேம் என்றால் வேறு, அங்கே நண்பன் சொல்வதுதான் சரி. அதை அவனிடம் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அதற்கிடையில் எங்கள் சாயாக்கடைக் கூத்து ஒன்று. 2025 ஆகஸ்டில் ஆன்லைன் கேமிங் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியதே, மறுநாள் கடைக்கார மாமா, "மக்கா, உன் ஆட்டத்தையெல்லாம் கவர்மென்ட் நிறுத்திட்டாவளாமே?" என்றார். அதே வருடம் தொடக்கத்தில், பணம் வைத்து ஆடும் கேம்களை ராத்திரி பன்னிரண்டிலிருந்து காலை ஐந்துவரை ஆடக் கூடாது என்று நம் மாநிலத்தில் விதி வந்தபோதும், என் அறையில் லைட் எரிவதைப் பார்த்து அம்மையிடம் போய்ச் சொல்லி வைத்தவர் அவர். நான் பொறுமையாக விளக்கினேன். நின்றது ரம்மி மாதிரி காசு கட்டி ஆடுவது மாமா, நான் ஆடுவது கதை ஆட்டம். "அப்போ உனக்கு இதுல எவ்வளவு கிட்டும்?" ஒன்றும் கிட்டாது, நான்தான் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்றேன். பழம்பொரியை எண்ணெயில் திருப்பிவிட்டுச் சொன்னார்: "அப்போ முதல்ல தடை பண்ண வேண்டியது இதையல்லவா?"

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எல்லோரும் என்னைப் போலவே இரண்டு வருடம் கழித்து வாங்கினால் கேம் செய்கிறவன் என்ன சாப்பிடுவான்? நியாயமான கேள்வி. பெரிய கம்பெனிகளுக்காக நான் கவலைப்படத் தயாராக இல்லை. 2025 செப்டம்பரில் ஈ.ஏ. என்ற பெரிய கேம் கம்பெனியை 5,500 கோடி டாலருக்கு விற்க ஒப்பந்தம் என்று செய்தி வந்தது. அந்தக் கணக்கில் என் ஆயிரம் ரூபாய் எந்த மூலைக்கு? சின்னக் குழுக்கள் விஷயம் அப்படியில்லை. அங்கே முதல் வார விற்பனைதான் அடுத்த கேமுக்குக் கஞ்சி. அதனால் என் விதியில் ஒரு விலக்கு வைத்திருக்கிறேன். ஆட்கள் ஒரு வேனில் ஏறிவிடலாம் என்கிற அளவில் இருந்தால், முதல் நாளே வாங்குவேன்.

ஹாலோ நைட் சில்க்ஸாங் அப்படி வாங்கியதுதான். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். 2019 பிப்ரவரியில் அறிவித்து, 2025 செப்டம்பர் 4 அன்று வெளியிட்டார்கள். கிட்டத்தட்ட ஒரு ரப்பர் மரத்தின் கணக்கு. ஏன் இவ்வளவு நாள் என்று கேட்டதற்கு, செய்துகொண்டிருந்தது சந்தோஷமாக இருந்தது, அதனால்தான் என்கிற மாதிரி பதில் சொன்னார்கள். கோபமே வரவில்லை எனக்கு. நம் நேரப்படி இரவு ஏழரைக்கு வெளியாகும் என்று கடையிலிருந்து முன்கூட்டியே கிளம்பி, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, ஏழரைக்கு, கேம் விற்கும் தளமான ஸ்டீமைத் திறந்தால் ஸ்டீமே படுத்துவிட்டது. உலகம் முழுக்க ஒரே நேரத்தில் முட்டினால் என்ன செய்யும்? மண்டைக்காடு கொடையில் பஸ் ஏறுகிற மாதிரி. மகளுக்குச் சோறு ஊட்டிவிட்டு எட்டரைக்கு வந்து வாங்கினேன். என் ஆறு வருடப் பழைய லேப்டாப்பில் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. மகளுக்கு அதில் வரும் ஹார்னட் 'சிவப்புச் சட்டை பாப்பா'. பாப்பா செத்தால் என்னைத்தான் அடிப்பாள். நிறைய அடி வாங்கியிருக்கிறேன். முதலில் வரும் சில பாஸ்கள், அதாவது பெரிய எதிரிகள், ரொம்பக் கடினம் என்று ஊரே கத்தி, அவர்களே ஒரு பேட்ச்சில் கொஞ்சம் குறைத்தார்கள். முதல் நாள் வாங்கியதற்குக் கிடைத்த கூலி அதுதான், குறைக்காத அடியையும் சேர்த்து வாங்கிக்கொண்டேன்.

வெண்பாவையும் அப்படித்தான் வாங்கினேன். கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பத்தின் அடுக்களைக் கதை, 2023இல் வந்தது. ஃபேண்டஸி இல்லைதான். ஆனால் கேமுக்குள் இட்லி அவிப்பதை அம்மை கூட உட்கார்ந்து பார்த்தாள், தட்டு வைக்கும் முறையில் குறை சொன்னாள். என் வாழ்க்கையில் ஒரு கேமைப் பற்றி அவள் சொன்ன ஒரே விமர்சனம். பிரெஞ்சுக்காரர்கள் செய்த எக்ஸ்பெடிஷன் 33 கேமையும் வாங்கி வைத்திருக்கிறேன். 2025இன் சிறந்த கேம் விருதை அள்ளியது அதுதான். என் லேப்டாப்பில் நகராது என்று தெரிந்தேதான் வாங்கினேன். மனைவிக்குத் தெரியாது. இதைப் படித்தால் தெரிந்துவிடும்.

புதிய லேப்டாப்புக்கு இப்போது வழியில்லை. ஏ.ஐ. கம்பெனிகள் மெமரியை மொத்தமாக வாரிக்கொண்டு போவதால் ராம் விலை எங்கேயோ நிற்கிறது. மைக்ரான் கம்பெனி, நம்மைப் போன்றவர்கள் வாங்கும் க்ரூசியல் என்ற மெமரிச் சரக்கையே நிறுத்தப் போவதாக 2025 டிசம்பரில் சொல்லிவிட்டது. ரப்பர் விலை அந்த மாதிரி ஒருநாள் ஏறக் கூடாதா என்று அப்பா கேட்டார்.

விட்சர் நாலாம் பாகம் 2027க்கு முன் வராது. என் கணக்கில் அது 2029. அதுவரை பால்டர்ஸ் கேட் இருக்கிறது, இரண்டாம் அத்தியாயத்தில் நிற்கிறேன். ஆனால் 8 ஜிபி ராமில் திக்குகிறது. மார்த்தாண்டம், தக்கலை, குலசேகரம் பக்கம் யாரிடமாவது லேப்டாப்பில் போடும் டி.டி.ஆர். 4 ராம் ஒன்று சும்மா கிடந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். காசு கொஞ்சம் கொடுக்கலாம், மீதிக்கு, பட்டையிலும் சிரட்டையிலும் ஒட்டிக் காய்ந்த ரப்பர், அதாவது ஒட்டுபால், வேண்டுமானால் தருகிறேன்.