சாபம் இல்லை, காதுதான் காரணம்

அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மகன் ஜான் எஃப். கென்னடி ஜூனியர், 1999 ஜூலை 16 இரவு தானே ஓட்டிய சிறு விமானத்தில் மனைவியோடும் மனைவியின் அக்காவோடும் கடலில் விழுந்து இறந்ததை 'கென்னடி குடும்பச் சாபம்' என்று எழுதி முடித்துவிட்டீர்கள். சாபமெல்லாம் இல்லை சார். விசாரணை அறிக்கை சொன்னது திசைமயக்கம்: விமானம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஓட்டுபவருக்கே தெரியாமல் போவது.

நிலத்தின் மேல் பறந்தால் கீழே ஊர் விளக்காவது தெரியும். அவர் மார்த்தாஸ் வின்யார்டு தீவுக்குப் போன வழியில் கடல், மூட்டம், இருட்டு. வானம் எங்கே முடிகிறது என்றே தெரியாது. அப்போது, உடம்பின் சமநிலையை உணர்த்தும் உள்காது பொய் சொல்லும். சந்தேகமிருந்தால் சுழல் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்து, யாரையாவது ஒரே வேகத்தில் சுற்றச் சொல்லுங்கள். கொஞ்ச நேரத்தில் நாற்காலி நின்றுவிட்ட மாதிரி இருக்கும். நிஜமாகவே நிறுத்தினால் எதிர்ப்பக்கம் சுற்றுகிற மாதிரி இருக்கும்! நான் செய்து பார்த்து மேசையில் முட்டிக்கொண்டேன். கென்னடிக்கும் இதே மயக்கம்தான்: அவர் விமானம் வலப்பக்கம் சாய்ந்தபடி, கடைசியில் நிமிடத்துக்கு 4,700 அடிக்கும் மேல் இறங்கியிருக்கிறது.

கருவிகளை மட்டும் நம்பி ஓட்டும் தகுதி அவர் பெற்றிருக்கவில்லை. ஆனாலும் அன்றைக்குப் பறந்தது சட்டப்படி சரிதான். எனக்கு உறுத்துவது அதுதான். இத்தனைக்கும் அந்த விமானத்தில் தானாகவே ஓட்டும் ஆட்டோபைலட் கருவி இருந்தது.