திருடன் கடற்காகமாம்!

இதை எங்கேயாவது கொட்டித் தீர்க்காவிட்டால் எனக்கு இன்றைக்கும் தூக்கம் வராது. வடதுருவப் பக்கத்து நார்வே தீவுக்கூட்டமான இந்த ஸ்வால்பார்டில் ஜூன் மாதம் ராத்திரியே கிடையாது என்பது வேறு விஷயம். ஏப்ரலில் ஏறிய சூரியன் ஆகஸ்டில்தான் இறங்கும்.

லாங்யியர்பியன் ஊரைத் தாண்டினால் அட்வென்ட்டாலன் சாலையோரம் பனிவண்டி இழுக்கும் நாய்களைக் கட்டிவைக்கும் பட்டி இருக்கிறது. அதை ஒட்டியே ஈடர் வாத்துகள் தரையில் கூடு வைக்கின்றன. நாய்கள் குரைக்கிற இடத்துக்குத் துருவ நரி வராது என்ற கணக்கு. கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் மேலிருந்து இறங்குகிற பறவையை நாய் என்ன செய்யும்? கிளாக்கஸ் கடற்காகம் சிறகை விரித்தால் ஒன்றரை மீட்டர் வரும். அதன் நுனியில் பொட்டுக் கறுப்புகூட இருக்காது. கம்பத்தில் மணிக்கணக்காக அசையாமல் உட்கார்ந்திருக்கும்.

மூன்று நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது பார்த்தது கூட்டையல்ல, மனிதர்களை.

ஈடர் பெட்டை ஏறக்குறைய 25 நாள் இரை தேடாமல் அடைகாக்கும். தானாக எழுந்து போனால் தன் மார்புத் தூவியை இழுத்து முட்டையைப் போர்த்திவிட்டுப் போகும். திடுக்கிட்டுப் பறந்தால் போர்த்த ஏது நேரம்? போகிற அவசரத்தில் முட்டை மேலேயே நாற்றமடிக்கும் எச்சத்தைப் பீய்ச்சிவிட்டுப் போகும், பாவம்.

நேற்று ஆரஞ்சு ஜாக்கெட் போட்ட ஒருவர் காரை நிறுத்தினார். "சாலையிலிருந்தே எடுங்கள்" என்று கெஞ்சினேன். "ஒரே ஒரு படம்" என்று நாலு எட்டு உள்ளே வைத்தார். வாத்து படபடவென்று கிளம்பியது. அவ்வளவுதான், கம்பத்திலிருந்து அது சத்தமில்லாமல் வழுக்கி இறங்கி, பச்சை முட்டை ஒன்றை அலகில் கவ்வி, கழுத்தை நீட்டி முழுசாக விழுங்கியது. உடனே இரண்டாவதையும் எடுத்தது. மனிதர் அதையும் விடாமல் படமெடுத்தார். எடுத்துவிட்டு என்னிடம் சொல்கிறார்: "என்ன கேவலமான பறவை!"

எப்படி இருக்கிறது கதை? கதவைத் திறந்துவிட்டவர் நல்லவர், உள்ளே நுழைந்தது திருடன்! அதற்கும் பாறை மேல் கூடு இருக்கிறது ஐயா, அதுவும் பிழைக்கத்தான் வந்திருக்கிறது. உங்களுக்கு அந்தப் படம் இல்லாவிட்டால் என்ன குடியா முழுகிவிடும்?

சொல்லி வாய் மூடவில்லை, அடுத்த கார் வேகம் குறைந்தது. கதவு திறப்பதற்கு முன்பே கம்பத்தில் இருந்தது கழுத்தைத் திருப்பிவிட்டது.