எல்லாக் கட்டத்திலும் டிக் அடிப்பதுதான் வீரமா?

நம் குழுவின் ஞாயிற்றுக்கிழமை ரேஸைப் பற்றி, அதாவது கலைத்துவிட்ட ஒரே போகிமான் ஆட்டத்தை யார் முதலில் முடிப்பது என்ற போட்டியைப் பற்றி, இரண்டு நாள் வாயைத் திறக்காமல் இருந்தேன். அதற்கு நான் போட்ட செட்டிங்ஸின் ஸ்கிரீன்ஷாட்டை எல்லாரும் பார்த்துவிட்டீர்கள். அதன் மேலே போட்டிருந்த "அக்காவின் எல்கேஜி செட்டிங்ஸ்" என்ற தலைப்பையும் பார்த்துவிட்டீர்கள். நாற்பது பேருக்கு மேல் சிரித்த பொம்மை போட்டிருக்கிறார்கள். சரி, சிரியுங்கள். சிரித்து முடித்தவர்கள் மட்டும் மேலே படியுங்கள்.

நாம் ஆடுவது போகிமான் ஃபயர் ரெட். 2004இல் கேம்பாய் அட்வான்ஸுக்கு வந்த பழைய ஆட்டம். அதை ரேண்டமைசர் என்ற கலைத்துப் போடும் மென்பொருளில் போட்டால் எந்தப் புல்லில் எது வரும், எந்த ட்ரெய்னர் எதை வைத்திருப்பார், எதற்கு என்ன எபிலிட்டி (தனிச் சக்தி) என்பதெல்லாம் கலைந்துவிடும். எதைக் கலைக்கலாம், எதைத் தொடாமல் விடலாம் என்று கேட்டு பல பக்கங்களுக்குச் சின்னச் சின்னக் கட்டங்கள் இருக்கும். அவற்றை நிரப்பும் வேலை இந்த முறை என் தலையில் விழுந்தது. நானாகக் கேட்டு வாங்கியதில்லை.

நான் செய்த குற்றங்கள் இவைதான். நெருப்பு, தண்ணீர் என்று ஒவ்வொரு போகிமானுக்கும் இருக்கும் டைப்களைக் கலைக்கவில்லை. காட்டுப் போகிமான்களுக்கு "ஒத்த பலம்" போட்டேன், அதாவது ஒன்றின் இடத்தில் ஏறக்குறைய அதே பலமுள்ள இன்னொன்றுதான் வரும். ட்ரேட் செய்தால்தான், அதாவது இன்னொரு ஆட்டக்காரரோடு மாற்றிக்கொண்டால்தான், அடுத்த உருவத்துக்கு வளரும் போகிமான்களை லெவலில் வளர விட்டேன். வொண்டர் கார்டு (Wonder Guard) எபிலிட்டியை அனுமதிக்கவில்லை. இந்த நான்குக்கும்தான் எல்கேஜி பட்டம்.

"ரேண்டம் என்றாலே எல்லாம் ரேண்டமாகத்தானே இருக்க வேண்டும்? இல்லையென்றால் ஒரிஜினலையே ஆடலாமே" என்று ஒருவர் கேட்டிருந்தார். ஐயா, சீட்டுக்கட்டைக் கலைப்பதும் ரேண்டம்தான். அதற்காக ரம்மியின் விதிகளையும் கலைத்துவிட்டா உட்காருகிறோம்? யார் வருவார்கள் என்று தெரியாமல் இருப்பதில்தான் சுவாரசியம். வந்தவரை எதிர்கொள்ள நமக்குத் தெரிந்தது ஏதாவது கையில் மிஞ்ச வேண்டாமா? வாலில் தீ எரிகிற போகிமான் நெருப்பு டைப்தான் என்பதுகூட நிச்சயமில்லை என்றால் அங்கே யோசிக்க என்ன இருக்கிறது? பட்டனை அமுக்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான். எல்லாக் கட்டத்திலும் டிக் அடிப்பது வீரம் இல்லை. யோசிக்கச் சோம்பல்படுவது.

இப்போது வொண்டர் கார்டு. இதற்குத்தான் அதிகக் கிண்டல், அதனால் இதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன். அந்த எபிலிட்டி இருக்கும் போகிமானை அதன் பலவீனமான டைப்பால் அடித்தால் மட்டும்தான் அடி விழும். மற்ற அடியெல்லாம் சுவரில் மோதிய பந்து. ஒரிஜினலில் அது ஷெடின்ஜா என்ற ஒரே ஒரு பூச்சிக்குத்தான் உண்டு. அந்தப் பூச்சிக்கு உயிர் எவ்வளவு தெரியுமா? 1. எந்த லெவலுக்குப் போனாலும் அந்த 1தான். போதாததற்கு நெருப்பு, பறவை, பாறை, பேய், இருள் என்று ஐந்து பலவீனங்கள். ஆட்டத்தை உருவாக்கியவர்களே அதை இப்படிக் கட்டிப்போட்டுத்தான் வெளியே விட்டார்கள். ரேண்டமைசரை எழுதியவர்களும் அதை அனுமதிக்கலாமா என்று கேட்கத் தனியாக ஒரு கட்டம் வைத்திருக்கிறார்கள். அவர்களும் எல்கேஜியா?

அனுபவித்துவிட்டுத்தான் சொல்கிறேன். ஒரு முறை "பார்ப்போமே" என்று அந்தக் கட்டத்தில் டிக் அடித்தேன். ஆட்டத்தின் முதல் பெரிய எதிராளி, முதல் ஜிம்மின் தலைவர் பிராக்கிடம் இரண்டே போகிமான்கள். முதலாவது விழுந்தது. இரண்டாவதாக சேபிள்ஐ வந்தது. இருளும் பேயும் கலந்தது, அந்தக் காலத்து ஆட்டங்களில் அதற்குப் பலவீனமே கிடையாது. அதன் தலையில் போய் வொண்டர் கார்டு விழுந்திருக்கிறது. பலவீனமே இல்லாத ஒன்றைப் பலவீனத்தால் மட்டும்தான் அடிக்கலாம்! விஷம், தீக்காயம், லீச் சீட் (உயிரை உறிஞ்சும் விதை), மணற்புயல் என்று சுற்றுவழிகள் உண்டு, எனக்கும் தெரியும். அவற்றில் ஒன்றுகூட என்னிடம் இருந்த நான்கு போகிமான்களிடம் இல்லை. பிராக்கை ஜெயிக்காமல் அந்த ஊரைத் தாண்டிக் கிழக்கே போகவும் விடமாட்டார்கள். பின்னால் இருந்த புல்லுக்குத் திரும்பிப் போய் ஒன்றரை மணி நேரம் ஏதாவது விஷப் பூச்சி கிடைக்குமா என்று நடந்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுதான் மிச்சம். இதற்குப் பெயர் சவால் என்றால், பூட்டிய வீட்டு வாசலில் சாவி இல்லாமல் உட்கார்ந்திருப்பதும் சவால்தான்.

"எல்லாருக்கும் ஒரே சீட் (எப்படிக் கலைப்பது என்று தீர்மானிக்கும் எண்) தானே, மாட்டினால் எல்லாரும்தானே மாட்டுவோம், இதில் அநியாயம் எங்கே?" இது நியாயமான கேள்வி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சீட் ஒன்றாக இருந்தால் கலைத்து வைத்த உலகம்தான் ஒன்றாக இருக்கும். புல்லில் கால் வைத்ததும் உங்களுக்கு எது வருகிறது, எனக்கு எது வருகிறது என்பது அவரவர் நேரம். ஒருவருக்கு விஷப் பூச்சி ஐந்தாவது நிமிடத்தில் கிடைக்கும், இன்னொருவருக்கு ஐம்பதாவது நிமிடத்தில். அப்புறம் அவர் வேகமானவர், இவர் மந்தம் என்று பட்டியல் போடுவீர்கள்.

"ஒத்த பலம்" போட்டதால் முதல் புல் முழுக்கப் புழு பூச்சியாகவே வந்தது என்று ஒரு குறை. வந்தது. வரட்டுமே. அதை அணைத்துவிட்டால் மூன்றாம் லெவலில் ரேக்குவாசா என்ற மகா பலசாலி வந்து நிற்கும். முதல் தடவை நானும் நாற்காலியை விட்டுக் குதித்தேன். ஐந்தாவது தடவை கொட்டாவி வந்தது. கேட்ச் ரேட்டை (எவ்வளவு எளிதில் பிடிபடும் என்ற எண்) தனியாக உயர்த்தாவிட்டால் அதன் கேட்ச் ரேட் 3. பிட்ஜி என்ற சாதாரணக் குருவிக்கு 255. உங்களிடம் இருப்பதோ பிடிப்பதற்காகப் பேராசிரியர் ஓக் கொடுத்த ஐந்து பந்துகள். வாழ்த்துகள்.

ட்ரேட் விஷயத்துக்கு வருகிறேன். "இதைக்கூட ஈசி ஆக்கணுமா அக்கா" என்று கேட்ட தம்பிகளுக்கு ஒரு பழைய கதை.

எங்கள் வீட்டில் ஒரே கம்ப்யூட்டர். தம்பி ஆடுவான், நான் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன். என் கை கீபோர்டுக்குப் போனால் "உனக்கு வராது, தள்ளு" என்பான். அதனால் நான் நோட்டு எழுதினேன். கணக்கு கிராஃப் நோட்டின் கடைசிப் பக்கங்களில் 17 டைப்புக்கு 17 கட்டம் போட்டு, எது எதை அடிக்கும் என்று சிவப்புப் பேனாவில். அவன் மாட்டிக்கொண்டால் என்னிடம்தான் கேட்பான். நான் சொல்வேன், அவன் ஜெயிப்பான். அவன் தூங்கின பிறகு என் சேவ் ஃபைலை ஆடுவேன். அதில் மச்சோக் ஒன்றை எழுபதாவது லெவல் வரை வளர்த்தேன். அது மச்சாம்ப் ஆகவே இல்லை. ட்ரேட் செய்ய இன்னொரு ஆள், இன்னொரு கேம்பாய், ஒரு கேபிள் வேண்டும். என்னிடம் இருந்தது ஒரு கிராஃப் நோட்டு.

அந்தக் கட்டத்தில் நான் டிக் அடித்தது ஈசி ஆக்குவதற்கு இல்லை. கூட ஆட ஆள் இல்லாதவர்களும் ஆடட்டும் என்றுதான்.

"ஒரு விளையாட்டுக்கு இவ்வளவு நீளமா?" என்று கேட்கப்போகிறவர்களுக்கு: ஆமாம். கிரிக்கெட்டில் ஒரு நோபாலுக்கு நீங்கள் விடிய விடிய எழுதுவதை நான் படித்திருக்கிறேன்.

கஷ்டமாக ஆடுவதில் எனக்கு விரோதம் இல்லை. ட்ரெய்னர்களின் லெவலை ஐம்பது சதவீதம் ஏற்றுங்கள், வருகிறேன். செத்த போகிமானைத் திரும்ப எடுக்கக் கூடாது என்று விதி போடுங்கள், அதற்கும் வருகிறேன். ஏற்கெனவே வந்தும் இருக்கிறேன், அப்போது யாரும் ஸ்கிரீன்ஷாட் எடுக்கவில்லை. போன மாதம் இதே ஒத்த பலம் செட்டிங்கை வேறொருவர் போட்டாரே, அன்று அது "பக்கா பேலன்ஸ்" ஆக இருந்ததே! அவரை யாரும் எல்கேஜிக்கு அனுப்பவில்லை. அவரை யாரும் அக்கா என்று கூப்பிடுவதும் இல்லை. என்ன வித்தியாசம் என்று நான் வேறு சொல்ல வேண்டுமா?

இன்னொன்று. அந்த ஸ்கிரீன்ஷாட்டைப் போட்டவருக்கு ரேண்டமைசரை எப்படித் திறப்பது என்று இரண்டு மணி நேரம் போனில் சொல்லிக் கொடுத்தவளே நான்தான். முதல் தடவை அவர் எல்லாக் கட்டத்திலும் டிக் அடித்துவிட்டு "ஆட்டமே ஓடலையே அக்கா" என்று வந்து நின்றார். அதை நான் எங்கேயும் எழுதவில்லை. இன்றைக்கு எழுதிவிட்டேன். பெயர் போடவில்லை, சந்தோஷப்படட்டும்.

சிரித்த பொம்மை போட்டவர்கள் பட்டியலை நேற்று முழுதாகத் திறந்து பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. பதினேழாவது பெயர் என் தம்பி.

ராத்திரி பதினொன்றரைக்கு அவனிடமிருந்து மெசேஜ். "அக்கா, அந்த செட்டிங்ஸ் ஃபைலை எனக்கும் அனுப்பேன். வேலை முடிஞ்சு வந்து ஆட அதுதான் சரியா இருக்கும்."

படித்துவிட்டேன். நீல டிக் அவனுக்கும் தெரிந்திருக்கும். இன்னும் அனுப்பவில்லை.