அம்மாவின் மறதிக்கு என் சமையலைக் குற்றம் சொல்பவர்களுக்கு

அம்மாவின் மறதி பற்றிய என் பதிவின் கீழே நேற்று நடந்த கூத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். மறதி வராமல் தடுக்கும் என்று ஒருவர் போட்ட ஒன்பது உணவுகளின் பட்டியல், பக்கத்தில் பளபளவென்று ஒரு மூளைப் படம், கடைசியில் அந்த ஒரு வரி: "வீட்டில் சத்தாகச் சமைத்துப் போட்டால் பெரியவர்களுக்கு மறதி ஏன் வருகிறது?" அதற்கு எத்தனை இதயக்குறிகள்!

கோபத்தில் எழுதவில்லை. சரி, கொஞ்சம் கோபம்தான்.

சாப்பாட்டுக்கும் மூளைக்கும் சம்பந்தமில்லை என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. என் மாமனார் கதை பழைய நண்பர்களுக்குத் தெரியும். 72 வயதில் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டார், பாதம் மரத்துப்போகிறது என்றார், சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுந்தார். வயதாகிவிட்டது என்று நாங்களும் விட்டுவிட்டோம். ஒரு மருத்துவர்தான், "சர்க்கரைக்கு என்ன மாத்திரை, எத்தனை வருஷமா?" என்று கேட்டார். மெட்ஃபார்மின், 12 வருஷம். கூடவே நெஞ்செரிச்சலுக்குத் தினம் ஒரு மாத்திரை. நரம்புக்கும் மூளைக்கும் வேண்டிய வைட்டமின் பி12 ரத்தத்தில் எவ்வளவு என்று பார்த்தால் அடிமட்டத்தில் கிடந்தது.

அந்த இரண்டு மாத்திரைகளுமே நாள்பட்டால் பி12 உடம்பில் சேர்வதைக் குறைக்கக்கூடியவை. போதாததற்கு, வயதானால் பலருக்கு வயிற்றில் அமிலம் குறைந்துவிடும். உணவிலிருந்து பி12 பிரிந்து வருவதே பாடு. பாலும் முட்டையும் மீனும் தட்டில் இருக்கும், ரத்தத்தில் இருக்காது. கல்லீரல் சில வருஷத்துக்கான கையிருப்பை வைத்திருப்பதால் குறை சட்டென்று வெளியே தெரிவதும் இல்லை. ஊசி போட்டார்கள். சில மாதங்களில் மனிதர் பழையபடி கணக்கு நோட்டைத் திறந்து என் செலவில் தப்புக் கண்டுபிடிக்க ஆரம்பித்துவிட்டார்.

அவருக்குக் குறை இருந்தது, நிரப்பினோம், தேறினார். நான் சொல்வது இவ்வளவுதான். குறை இருந்தால் நிரப்பு. இல்லாத இடத்தில் கொட்டினால் என்ன ஆகும்?

அம்மாவுக்கும் முதலில் அதே சோதனைகள்தான் செய்தோம். பி12 சரி. தைராய்டு சரி. அவளுக்கு வந்திருப்பது அல்சைமர் என்ற மறதி நோய்.

"ஆராய்ச்சி சொல்கிறது" என்று பட்டியல் போட்டவர் அதன் கீழே எழுதியிருந்தார். எந்த ஆராய்ச்சி, சார்? கீரை, பெர்ரி, கொட்டை வகைகள், மீன் என்று போகும் 'மைண்ட்' உணவுமுறையை ஒழுங்காகக் கடைப்பிடித்தவர்களுக்கு அல்சைமர் குறைவாக வந்தது என்று 2015-ல் அமெரிக்காவின் ரஷ் பல்கலைக்கழகத்தார் எழுதினார்கள். உண்மை. ஆனால் அப்படிப் பார்த்துப் பார்த்துச் சாப்பிடுகிறவர் பெரும்பாலும் தினமும் நடக்கவும் செய்வார், ரத்த அழுத்த மாத்திரையையும் மறக்காமல் போடுவார். பலன் எதனால் வந்தது என்று எப்படிச் சொல்வது? அதைப் பிரித்துப் பார்க்கத்தான் 65 வயது தாண்டிய 604 பேரை இரண்டு குழுவாக்கி, ஒரு குழுவை மட்டும் அந்த உணவுமுறையில் வைத்து 3 வருஷம் சோதித்தார்கள். 2023-ல் முடிவு வந்தது. இரண்டு குழுவுக்கும் நினைவாற்றலில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. இது ஏன் பட்டியலில் இல்லை?

"3 வருஷம் போதாது, நடுவயதிலிருந்தே சாப்பிட வேண்டும்" என்பீர்கள். இருக்கலாம். நியாயமான கேள்விதான், மறுக்கவில்லை. "ஆக்ஸ்ஃபோர்டில் பி வைட்டமின் கொடுத்து மூளை சுருங்கும் வேகம் குறைந்ததே?" ஆமாம், 2010-ல். அதிலும் ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் ஏறியிருந்தவர்களுக்குத்தான் அதிகப் பலன். பி வைட்டமின் போதாவிட்டால் ஏறுகிற சமாச்சாரம் அது. ஆக, சுற்றிச் சுற்றி நான் சொன்ன இடத்துக்கே வருகிறீர்கள். மல்டிவைட்டமினில் லேசான பலன் தெரிந்த ஆய்வும் உண்டு, தெரியும், யாரும் லிங்க் அனுப்ப வேண்டாம். பி, ஈ வைட்டமின்களையும் ஒமேகா-3 வகையறாக்களையும் மறதி நோயைத் தடுப்பதற்கென்று பரிந்துரைக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2019-ல் சொல்லிவிட்டது.

"மருந்துக் கம்பெனிக்கு வேலை பார்க்கிறீர்களா?" என்று ஒருவர். ஆமாம், மாதாமாதம் பெட்டி பெட்டியாகப் பணம் வருகிறது. வைக்க இடமில்லை.

உண்மையில் எனக்கு வருவது மாத்திரைப் பெட்டி. உறவினர்கள் அனுப்புவது. போன மாதம் மீன் எண்ணெய் மாத்திரை. அம்மா அதை விழுங்குவதில்லை. கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்துக்கொண்டு, நான் திரும்பியதும் தலையணைக்கு அடியில் வைத்துவிடுகிறாள். ஒருநாள் உறையைக் கழற்றினால் ஏழு மாத்திரைகள் நசுங்கி, மஞ்சளாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. மூன்று தடவை துவைத்தும் அந்த வாடை போகவில்லை. சோறே வாயில் வைத்தால் மெல்ல வேண்டும் என்பதை நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது, அவளுக்கு ஒன்பது உணவுப் பட்டியல்!

தம்பியும் போனில் இதையேதான் கேட்கிறான். "அக்கா, வால்நட் குடுக்கிறியா?" குடுக்கிறேன்டா. பொடித்துக் குடுக்கிறேன். ராத்திரி தூங்கினாயா என்று என்னை ஒரு நாள் கேட்டிருக்கிறானா? அவனுக்கும் வருத்தம் இருக்கும், புரிகிறது. ஆனால் வருத்தத்தை எல்லோரும் கொண்டுவந்து கொட்டுகிற இடம் ஏன் என் அடுப்பாக இருக்கிறது?

ஒரு கணக்குச் சொல்கிறேன். அல்சைமரில் மூளைக்குள் நடக்கும் மாற்றங்கள் வெளியே தெரிவதற்கு 15, 20 வருஷம் முன்பே தொடங்கிவிடுகின்றன. அந்த வருஷங்களில் எங்கள் வீட்டுச் சமையலறையில் இருந்தது நான் இல்லை, அம்மா. அதே சாப்பாட்டை அவளோடு உட்கார்ந்து சாப்பிட்ட அப்பா, 86 வயதில் போகும்வரை ஒரு பெயரைக்கூட மறந்தவரில்லை.

அப்படியானால் யார் சமையலைக் குற்றம் சொல்வது என்று பட்டியல் போட்டவரிடம் நேற்றே கேட்டேன். பதில் இல்லை. என் கேள்விக்கு ஒரு லைக் மட்டும் போட்டிருக்கிறார்.