யார் போய் எண்ணிப் பார்த்தார்கள்?

அக்கா மகள் பத்தாம் வகுப்பு. கருந்துளை, பெருவெடிப்பு என்று எதைக் கேட்டாலும் காது நிமிர்ந்துவிடும். என்ன புத்தகம் தரலாம் என்று அக்கா கேட்டபோது, நானும் பளபளவென்று படம் போட்ட ஒன்றைத்தான் வாங்கிக் கொடுத்தேன். இரண்டே நாளில் முடித்துவிட்டு வந்து நின்றாள். "பேரண்டத்துக்கு 1,380 கோடி வயது என்று போட்டிருக்கிறது. யார் போய் எண்ணிப் பார்த்தார்கள் மாமா?" புரட்டிப் பார்த்தேன். எந்தப் பக்கத்திலும் பதில் இல்லை.

அன்றிலிருந்து எந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தாலும், விண்மீன்களின் தொலைவை எப்படி அளக்கிறார்கள் என்ற பகுதியைத்தான் முதலில் தேடுகிறேன். ஆறு மாத இடைவெளியில் பார்த்தால் அருகிலுள்ள விண்மீன் இம்மியளவு இடம் மாறித் தெரியும். அந்தச் சிறு கோணத்தில்தான் எல்லாக் கணக்கும் தொடங்குகிறது. அதை ஒரு வரியில் தாண்டிவிட்டு, கருந்துளைக்குள் விழுந்தால் என்ன ஆகும் என்று இருபது பக்கம் எழுதுகிறவரை நான் நம்புவதில்லை. பதிப்பு ஆண்டையும் பாருங்கள். 1998க்கு முந்தையது என்றால், பேரண்டம் வேகமெடுத்து விரிகிறது என்ற செய்தி அதில் இருக்காது. அதற்காக ஒதுக்க வேண்டாம், வாயால் சொல்லிவிட்டால் போதும்.

அடுத்து நான் கொடுத்தது புத்தகமே அல்ல. அமெரிக்க வானியலாளர் எட்வின் ஹபிள் 1929இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை. ஆறே பக்கம், இணையத்தில் இலவசம். "குழந்தைக்குப் போய் இதையா?" என்றாள் அக்கா. பாதி புரியாதுதான். ஆனால் அதிலுள்ள வரைபடம் பேசிவிடும்: விண்மீன் மண்டலங்களின் தொலைவு கூடக்கூட, அவை விலகிச் செல்லும் வேகமும் கூடுகிறது. மகளின் விரல் படத்தின் செங்குத்து அச்சில் நின்றது. "வேகத்துக்கு வெறும் கிலோமீட்டர் என்று இருக்கிறதே, நொடிக்கு என்பது எங்கே?" எத்தனையோ முறை பார்த்த படம், என் கண்ணில் பட்டதே இல்லை.

பிறகு இருவரும் கணக்கில் உட்கார்ந்தோம். தொலைவுக்கு ஏற்ப வேகம் எவ்வளவு கூடுகிறது என்பதற்கு ஹபிளின் மதிப்பு, ஒரு மெகாபார்செக்குக்கு (சுமார் 32.6 லட்சம் ஒளியாண்டு தொலைவு) நொடிக்குச் சுமார் 500 கிலோமீட்டர். சீரான வேகம் என்று வைத்துப் பின்னோக்கிப் போனால் பேரண்டத்துக்கு ஏறத்தாழ 200 கோடி வயதுதான் வருகிறது. பூமிக்கே 450 கோடி! "அம்மாவைவிட மகள் மூத்தவளா?" என்று சிரித்தாள். கோளாறு தொலைவில் இருந்தது. தொலைவை அளக்க உதவும், ஒளி கூடிக் குறையும் செஃபீடு விண்மீன்களில் இரண்டு வகை உண்டு என்று வானியலாளர் வால்டர் பாடே 1952இல் அறிவித்ததும், விண்மீன் மண்டலங்களின் தொலைவுகள் ஏறத்தாழ இரண்டு மடங்காயின; ஹபிளின் மதிப்பு பாதியாகி, வயதும் இரட்டித்தது. திருத்தங்கள் தொடர்ந்து, இன்று அந்த மதிப்பு 70க்குப் பக்கத்தில் நிற்கிறது. வெவ்வேறு முறையில் அளக்கும் இரண்டு தரப்புக்கிடையே 67ஆ 73ஆ என்ற சண்டை மட்டும் ஓயவில்லை.

"யார் கணக்கு சரி?" என்கிறாள். இரண்டு தரப்பும் எப்படி அளந்தார்கள் என்று சொல்லும் புத்தகத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன். சமன்பாடு இருந்தாலும் பரவாயில்லை. பயமெல்லாம் அக்காவுக்குத்தான், அவளுக்கு இல்லை.