அந்த ஒரு 'நீங்க'

ஞாயிற்றுக்கிழமை திரையிடலுக்குப் பிறகு நடந்த பேச்சைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று வந்த அந்தப் பதிவையும் படித்த பிறகு மனசு கேட்கவில்லை. 'கிராண்ட் இல்யூஷன்' என்ற பிரெஞ்சுப் படம் சிறையிலிருந்து தப்பிக்கிற கதை, அவ்வளவுதானாம். அதில் வர்க்கத்தைப் பார்ப்பது "எங்களைப் போன்றவர்களின்" பழக்கமாம்.

நாங்கள் எதையும் கொண்டுபோய் ஒட்டவில்லை. ழான் ரெனுவார் 1937இல் எடுத்ததே அதைத்தான். முதல் உலகப் போர். ஜெர்மன் விமானப் படை அதிகாரி ரவுஃபென்ஸ்டைன், தான் சுட்டு வீழ்த்திய விமானத்தில் வந்த இரண்டு பிரெஞ்சுக்காரர்களைச் சாப்பிட அழைக்கிறார். பொவால்தியு பிரபு வம்சம். அவருடைய உறவுக்காரர் ஒருவரை ரவுஃபென்ஸ்டைனுக்கு முன்பே தெரியும், உடனே பேச்சு ஒட்டிக்கொள்கிறது. மரேஷால் போருக்கு முன் மெக்கானிக். கையில் அடிபட்டு, இறைச்சியை வெட்ட முடியாமல் இருக்கிறார். பக்கத்து ஜெர்மன்காரர் வெட்டித் தருகிறார். அவரும் மெக்கானிக், பிரான்சில் லியோன் நகரில் வேலை பார்த்தவர். ஒரே மேசையில் கோடு எங்கே விழுகிறது பாருங்கள். நாட்டுக்கும் நாட்டுக்கும் நடுவிலா விழுகிறது?

அப்புறம் கோட்டைச் சிறை, இப்போது அதன் தலைவர் ரவுஃபென்ஸ்டைன். அறையைச் சோதனை போடும்போது பொவால்தியுவின் வாக்கு மட்டும் ரவுஃபென்ஸ்டைனுக்குப் போதும். மற்றவர்களிடம் ஏன் கேட்கவில்லை என்று பொவால்தியுவே கேட்கிறார். மரேஷால், ரோசெந்தால் போன்றவர்களின் வாக்கா என்று திருப்பிக் கேட்கிறார் ரவுஃபென்ஸ்டைன். நம்முடைய வாக்குக்குச் சமம்தான் என்கிறார் பொவால்தியு. ரோசெந்தால் யூதர், பணக்கார வீடு, தனக்கு வரும் பார்சல் சாப்பாட்டை எல்லோருக்கும் போடுகிறவர். பணம் இருந்தும் அவர் வாக்கு செல்லாது. இதையும் நாங்களா எழுதிச் சேர்த்தோம்?

மரேஷாலும் ரோசெந்தாலும் தப்பிக்கப் பொவால்தியு உயிரையே கொடுத்தாரே என்பீர்கள். கொடுத்தார். அவர் சாகிற காட்சியில் நான் ஒவ்வொரு முறையும் அழுகிறேன். ஆனால் அதற்குக் கொஞ்சம் முன்னால், அவர் வெள்ளைக் கையுறையைத் துவைத்துக்கொண்டிருக்கும்போது மரேஷால் தயங்கித் தயங்கிக் கேட்பது என்ன? இவ்வளவு காலம் ஒன்றாக இருந்தும் இன்னும் 'நீங்கள்' என்றே பேசிக்கொள்கிறோமே என்றுதானே? என் அம்மாவையும் மனைவியையும்கூட அப்படித்தான் அழைக்கிறேன் என்கிறார் பொவால்தியு. உயிரைக் கொடுக்கப் போகிறவர் வாயில் ஒரு 'நீ' வரவில்லை. ஆங்கில சப்டைட்டிலில் இரண்டும் ஒரே சொல், சரி. தமிழ் பேசி வளர்ந்தவருக்கா இது புரியாது?

மரேஷாலும் ரோசெந்தாலை யூதர் என்று சொல்லித் திட்டுகிறாரே, உழைப்பாளி மட்டும் ஒழுங்கா என்று கேட்டிருக்கிறீர்கள். திட்டுகிறார். தப்பிப் போகும் வழியில் அவரை விட்டுப் போகிறார், திரும்பியும் வருகிறார். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச எனக்குத் தோன்றவில்லை.

எனக்குப் பேசத் தோன்றுவது என் அப்பாவைப் பற்றி. முப்பது வருஷம் ஒரே லாரி ஷெட்டில் மெக்கானிக். முதலாளி மகன் அரை டிராயரோடு ஷெட்டுக்குள் ஓடி விளையாடிய காலத்திலிருந்தே அப்பா அவரை "வாங்க தம்பி" என்பார். அவர் அப்பாவைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். கெட்டவர் இல்லை. என் காலேஜ் ஃபீஸுக்குக் கடன் கொடுத்தவர். அப்பா இறந்த அன்று முதல் ஆளாக மாலையோடு வந்தார். உண்மையாகவே கண் கலங்கினார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லவன்பா, ராத்திரி எத்தனை மணிக்குக் கூப்பிட்டாலும் வருவான்" என்றார்.

அப்பாவுக்கு அப்போது 71 வயது.