சால்வை வேண்டாம், சம்பளத்தைத் தேதிக்குக் கொடுங்கள்

போன வருடம் ராமநாதபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கலைஞர்களுக்கான மனநல விழிப்புணர்வு நிகழ்ச்சி. செலவு ஒரு கம்பெனியுடையது, பெயர் வேண்டாம். வாசிக்க எங்கள் மெல்லிசைக் குழுவைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் கீபோர்டு. மேடையைச் சுற்றி பிளெக்ஸ், அதில் கம்பெனி முத்திரை மட்டும் பதினொரு இடத்தில் இருந்தது. இடைவேளையில் வேறு வேலை இல்லை, எண்ணினேன். ஏற்பாட்டைக் கவனித்த தம்பி வந்து, "அண்ணே, சோகப் பாட்டு மட்டும் வேண்டாம், இன்னைக்குத் தலைப்பு அப்படி" என்றார். சரி என்று குத்துப்பாட்டாக வாசித்துத் தள்ளினோம். ஆளுக்கொரு சால்வை போட்டார்கள். சம்பளம் வந்தது மூன்றரை மாதம் கழித்து. அதற்குள் எங்கள் ரிதம் பேட் வாசிக்கிற பையன் அந்தப் பேடையே அடகு வைத்துவிட்டான்.

இதை எழுதுவதால் கம்பெனிப் பணமே வேண்டாம் என்கிற ஆள் நான் என்று நினைக்காதீர்கள். வேண்டும், நிறைய வேண்டும். இங்கிலாந்தில் இசைக்கலைஞர்களுக்காக 1921-லிருந்து ஓர் அறக்கட்டளை இருக்கிறது. அவர்கள் சொல்லி வெஸ்ட்மின்ஸ்டர் பல்கலைக்கழகத்தில் 2016-ல் ஓர் ஆய்வு செய்தார்கள். பதில் சொன்ன 2,211 இசைத்துறைக்காரர்களில் 71 சதவீதம் பேர் பதற்றம், திடீர்ப் பீதி வந்ததுண்டு என்றார்கள், 68.5 சதவீதம் பேர் மனச்சோர்வு என்றார்கள். அடுத்த வருடமே இரவு பகல் எடுக்கிற ஒரு தொலைபேசி உதவியை அந்த அமைப்பு தொடங்கிவிட்டது. கொரோனா வந்தபோது, இணையத்தில் பாட்டுக் கேட்க வைக்கிற ஸ்பாட்டிஃபை கம்பெனி, ரசிகர்கள் கொடுக்கிற ஒவ்வொரு டாலருக்கும் தானும் ஒரு டாலர், ஒரு கோடி டாலர் வரை, என்று இப்படிப்பட்ட அமைப்புகளுக்குப் பணம் சேர்த்தது. பாட்டுக்குக் காசு ஒழுங்காகத் தருவதில்லை என்று அந்தக் கம்பெனி மேலேயே கலைஞர்களுக்கு வருத்தம் உண்டு, அது தனிக் கதை. ஆனாலும் பணம் போய்ச் சேர்ந்த இடம் சரி.

நம் கரைக்கு வருவோம். பங்குனியில் தொடங்கினால் ஆனி வரை எங்களுக்குத் தூக்கம் கிடையாது. ஒரு நாள் பாம்பன், மறுநாள் தொண்டி, அதற்கு அடுத்த நாள் சாயல்குடி. ஆடி பிறந்தால் கல்யாணம் இல்லை. புரட்டாசியில் பாதிப் பேர் வைப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மழை. மார்கழியில் மறுபடி கல்யாணம் இல்லை. மீனவர்களைப் பாருங்கள்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை, அதற்கு அரசு நிவாரணம் தருகிறது. 2023-ல் நம் மண்டபம் ஊரில் நடந்த மீனவர் மாநாட்டில்தான் அதை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக்குவதாக அறிவித்தார்கள். கடலுக்குப் போகிறவனுக்கு வேலை இல்லாத மாதம் என்று ஒன்று உண்டு என ஊரே ஒப்புக்கொள்கிறது. மேளக்காரனுக்கும் அப்படி இருக்கிறது என்பது அவன் வீட்டு மளிகைக்கடைக்காரருக்கு மட்டும்தான் தெரியும்.

உச்சிப்புளிப் பக்கம் ஒரு தவில்காரர், எனக்கு அண்ணன் முறை. தவிலுக்கு வலது கை விரல்களில் கூடு போடுவார்கள் தெரியுமா? துணியில் பசை தடவிச் சுற்றிச் சுற்றிக் காயவைத்து, கல் மாதிரி ஆக்கி வைத்திருப்பார்கள். அவர் கூடுகளை ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் வைத்திருப்பார், யாரையும் தொட விடமாட்டார். ஓர் ஆவணியில் போனபோது டப்பா திண்ணையில் திறந்து கிடந்தது. ஒரு கூட்டில் எறும்பு. அவர் உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். வந்த அச்சாரத்தை இரண்டு இடத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். அண்ணி மெதுவாகச் சொன்னது: "மனசு சரியில்லைப்பா, யாரோ செய்வினை வச்சுட்டாங்க."

நம் ஊரில் மனசு சரியில்லை என்றால் அடுத்த பேச்சு ஏர்வாடி தர்காதான். 2001 ஆகஸ்ட் 6-ல் அங்கே ஒரு காப்பகத்தில் சங்கிலியோடு 28 பேர் தீயில் கருகியதை இந்தக் கரையில் யாரும் மறக்கவில்லை. சங்கிலி போடக் கூடாது என்று 2017 மனநலச் சட்டம் சொல்கிறது. ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது அந்தத் தீக்குப் பிறகு அங்கே நடந்த இன்னொன்று. 'தவா துவா' என்று, தர்காவுக்கு வருகிறவர்களுக்கு மருந்தையும் (தவா) பிரார்த்தனையையும் (துவா) சேர்த்தே கொடுக்கிற அரசுத் திட்டம். துவாவை விட்டுவிட்டு வா என்று சொல்லாமல், ஆள் இருக்கிற இடத்துக்கு டாக்டர் போனார். அண்ணனும் அப்படித்தான் மாத்திரைக்கு வந்தார்.

இசைக்காரர்கள் விஷயத்திலும் அதுதான் வழி. காலை ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரி டோக்கன் போடும்போது நாங்கள் அப்போதுதான் வேனிலிருந்து இறங்கியிருப்போம். அரசின் மனநல உதவி எண் 14416 இருபத்துநாலு மணி நேரமும் எடுக்கிறது, தமிழில் பேசலாம். அதை எத்தனை மைக் செட் கடையில் ஒட்டியிருக்கிறார்கள்? ஒரு கம்பெனி பணம் போட்டு, ஆடி மாதம் மைக் செட் கடைத் திண்ணையில் வாரம் ஒரு சாயங்காலம் ஓர் ஆலோசகரை உட்கார வைக்கட்டும். ஆற்றுப்படுத்துநர் என்று போர்டு கூட வேண்டாம், பக்கத்தில் டீ இருந்தால் போதும்.

சட்டத்தில் இடம் இருக்கிறதா என்று கேட்பார்கள். நிறைய இருக்கிறது. கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135: ஐந்து கோடியோ அதற்கு மேலோ நிகர லாபம் பார்க்கிற கம்பெனி, மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும். எதற்கெல்லாம் செலவழிக்கலாம் என்ற ஏழாவது அட்டவணையில் மருத்துவமும் இருக்கிறது, கலை பண்பாடும் இருக்கிறது. இன்னொன்று, பலருக்குத் தெரியாது: தன் பொருளை விளம்பரப்படுத்துவதற்காக ஸ்பான்சர் செய்தால் அது அந்தக் கணக்கில் சேராது. அந்தப் பதினொரு முத்திரையை எந்தக் கணக்கில் எழுதினார்களோ!

கம்பெனி நடத்தும் விழாவில் வாசிக்கிறவனும் அந்த உதவி போய்ச் சேர வேண்டிய ஆள்தான் என்பது அங்கே ஒருவருக்குமே தோன்றவில்லை. எனக்கு அதுதான் பெரிய ஆச்சரியம். சம்பளம் தள்ளிப்போன அந்த மூன்றரை மாதத்தைப் பேட் பையன் எப்படிக் கடந்தான் என்று அவன் அம்மாவைக் கேட்டால் தெரியும்.

போன வாரம் அதே தம்பி போன் செய்தார். இந்த வருடமும் நிகழ்ச்சி உண்டாம், இன்னும் பெரிதாக. வருகிறோம் என்றேன். பாதி அச்சாரம் முன்னால், மீதி அன்றைக்கு மேடை இறங்குமுன், இரண்டையும் எழுதி அனுப்புங்கள் தம்பி என்றேன். மேலே கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். இன்னும் கூப்பிடவில்லை.